தலைவர் வரும்வரை பிரைமர் அடிக்கக் கூடாது

டெய்லரம்மாவின் முன்னறையில் நான்கு கார் கதவுகளும் ஒரு பானட்டும் வந்து குடியேறிய நாளிலிருந்து, அவளும் அவளுடைய தையல் மெஷினும் சமையலறையில் அகதிகள். வந்தவர்கள் சாதாரணப்பட்டவர்கள் இல்லை. அவர்களுக்கு மெத்தை இருந்தது. பழைய போர்வைகளை நான்காக மடித்துப் போட்டது. தலைக்கு மேலே மின்விசிறி இருந்தது; ராத்திரி பகல் பாராமல் சுற்றுவது. காற்றில் ஈரம் கூடிய நாட்களில் ஜன்னலோரம் ஒரு மேஜை விசிறியும் சேவைக்கு வந்தது. பானட்டுக்கு மட்டும் தனி மரியாதை. அது அவளுடைய வெட்டு மேஜையின் மேலேயே கால் நீட்டிப் படுத்திருந்தது.

சமையலறைக்கு விசிறி கிடையாது. டெய்லரம்மா ஒரு கையால் துணியைத் தள்ளி, இன்னொரு கையால் வியர்வையைத் துடைத்து, மூன்றாவது கை இல்லாத குறைக்குப் பாலைப் பொங்கவிட்டுக்கொண்டிருந்தாள். அளவு கொடுக்க வந்தவர்கள் கேஸ் சிலிண்டருக்கும் ஃபிரிட்ஜுக்கும் நடுவில் நின்று கையைத் தூக்கினார்கள். கோட்டு தைக்கக் கொடுத்திருந்த வக்கீல் அதைப் போட்டுப் பார்த்து, முகர்ந்தும் பார்த்தார்.

"தையல் பிரமாதம்மா. போட்டா மட்டும் பசிக்குது," என்றார்.

இத்தனைக்கும் காரணகர்த்தா அவள் கணவர். லிஃப்ட் கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலை பார்த்த காலமெல்லாம் மற்றவர்களை மேலே அனுப்பிக்கொண்டிருந்தவருக்கு, இனி நாமும் கொஞ்சம் மேலே போனால் என்ன என்று தோன்றிவிட்டது. சமூகத்தில்தான், வேறு அர்த்தம் கொள்ள வேண்டாம். அதற்கு அவர் கண்ட வழி பழைய கார். ஒருநாள் வீட்டுக்குப் பின்னாலிருந்த ஷெட்டுக்குக் கார் வந்து சேர்ந்தது. ஓட்டிக்கொண்டு வரவில்லை, அள்ளிக்கொண்டு வந்தார்கள்.

பிறகு மாதக்கணக்கில் துருவோடு மல்லுக்கு நின்றார். கிரைண்டரில் கம்பி பிரஷ்ஷை மாட்டி ஓட்டினார். அது எட்டாத மூலைகளில் உப்புத்தாளை விரலில் சுற்றித் தேய்த்தார். குழி விழுந்த இடங்களில் துரு நீக்கும் மருந்தைத் தடவி, கழுவி, துடைத்து, உலர்த்தினார். கல்யாணமான நாளிலிருந்து ஒரு டம்ளர் கழுவாத மனுஷர். டெய்லரம்மா இதை வாய்விட்டுச் சொன்னதில்லை; டம்ளரைக் கழுவும்போது கொஞ்சம் சத்தமாகக் கழுவினாள், அவ்வளவுதான்.

ஆனாலும் ஒத்துக்கொள்ள வேண்டியதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். துரு போன தகடு, உடம்பு தேறி எழுந்தவன் முகம் மாதிரி பளிச்சென்று இருந்தது. ஷெட் ஒழுகும் என்பதால் கதவுகளை ஒவ்வொன்றாக முன்னறைக்குத் தூக்கி வந்து, அவளைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"இப்ப இதுக்குப் பிரைமர் அடிச்சுடணும். வெறும் இரும்பு, காத்துல இருக்கிற ஈரமே போதும், மறுபடி துரு பிடிச்சுக்கும். பிரைமர் அடிச்சு அது காய்ஞ்சுட்டா ஷெட்டுக்கே கொண்டுபோயிடலாம். மழை ஒழுகினாலும் ஒண்ணும் ஆகாது. ரூம் உன்னோடது."

"எப்ப அடிக்கப்போறீங்க?"

"தலைவர் வந்து பார்த்த உடனே."

தலைவர் என்றால் பழைய வாகனப் பேணுநர் பேரவையின் தலைவர். பேரவையில் உறுப்பினர்களைவிடப் பதவிகள் அதிகம். சிலர் இரண்டைச் சுமந்தார்கள். தலைவர் மெத்தை மொத்த வியாபாரி. ஊரைப் படுக்க வைத்துத் தான் எழுந்து நின்றவர். அவர் கொண்டுவந்த விதிப்படி, ஒரு பழைய கார் பேரவையின் அணிவகுப்பில் கலந்துகொள்ள வேண்டுமானால், பிரைமர் படுவதற்கு முன் அதன் வெற்றுத் தகட்டைத் தலைவர் நேரில் பார்த்தாக வேண்டும். உள்ளே பட்டி பூசி ஓட்டையை மறைக்கவில்லை என்று காந்தம் வைத்துச் சோதித்து, ஒரு சான்றிதழ் தருவார். அதற்குத் தலைவரே தேடிப்பிடித்து வைத்த பெயர் 'நிர்வாணச் சான்றிதழ்'.

இந்தப் பெயரால் வீட்டின் மானம் போகாத நாளில்லை. பக்கத்து வீட்டு நர்ஸ் ஒருநாள் யூனிஃபார்மைப் பிடித்துத் தைக்கக் கொண்டுவந்து சமையலறையில் நின்றிருந்தாள். முன்னறையில் கணவர் போனில் பேசுவது கேட்டது.

"எல்லாம் நிர்வாணமா ரெடியா இருக்கு தலைவரே. நீங்க வந்து ஒரு பார்வை பார்த்தீங்கன்னா போதும். வீட்ல கூட கேட்டுக்கிட்டே இருக்காங்க, எப்ப வருவாருன்னு."

நர்ஸ் யூனிஃபார்மைத் திரும்ப மடித்துக்கொண்டு, "நான் அப்புறம் வரேங்க்கா," என்றாள். அவளை உட்கார வைத்து, பானட்டைக் காட்டி, விஷயத்தைப் புரிய வைப்பதற்குள் டெய்லரம்மாவுக்குப் போதும் போதுமென்றாகிவிட்டது.

தலைவர் வருவதாகச் சொன்னார். வரவில்லை. கடையில் சரக்கு வந்துவிட்டது என்றார். மறுபடி வருவதாகச் சொன்னார். முழங்கால் வலி என்றார். அதற்குள் தகடு தன் வேலையைப் பார்த்தது. ஒரு ஈரமான காலையில் எழுந்து பார்த்தால், கதவுகளின் மேல் லேசாக ஆரஞ்சுப் பவுடர் பூசினாற்போல் துரு. கணவர் உப்புத்தாளை எடுத்துக்கொண்டு முதலிலிருந்து தொடங்கினார்.

"அடிச்சுட்டுத் தொலைங்களேன். அவர் வந்தா அடியில இரும்புதான் இருக்குன்னு நான் சத்தியம் பண்றேன்."

"உன் சத்தியத்துல காந்தம் ஒட்டாதும்மா."

பிறகு கணவருடைய பழைய சகாக்கள் தகட்டைப் பார்க்க வந்தார்கள். "அடேங்கப்பா" என்று சொல்லி ஆளுக்கொரு இடத்தில் தடவிப் பார்த்துவிட்டுப் போனார்கள். வியர்வைக் கை பட்ட இரும்பு எதையும் மறப்பதில்லை. இரண்டொரு நாளில் கதவுகள் முழுக்கக் கைரேகை துருவாக எழும்பி நின்றது. யார் விரல் தடி, யார் கட்டைவிரலை அழுத்தி ஊன்றினார் என்பதுவரை தெரிந்தது. "தொட்டுக்கூடப் பார்க்கலையே சார்" என்று போனில் சாதித்தவரின் முழு உள்ளங்கையும் டிரைவர் பக்கக் கதவில் ஆசீர்வாதம் செய்துகொண்டிருந்தது. திரும்பவும் உப்புத்தாள்.

"இப்படியே தேச்சுக்கிட்டிருந்தா கதவு தகரமாகி, தகரம் காகிதமாகி, கடைசியில வாசனை மட்டும்தான் மிஞ்சும்," என்றாள் டெய்லரம்மா.

அவளுடைய பேச்சில் இப்போது வேடிக்கை குறைந்துவிட்டது. பள்ளிக்கூடம் திறக்கப்போகிறது. பக்கத்துப் பள்ளியின் சீருடைகள் இந்த வருஷம் அவளிடம் வந்திருந்தன. துணி கட்டுக்கட்டாகக் கட்டிலுக்கு அடியில் கிடந்தது. சமையல் மேடையில் வைத்துக் கைக்குட்டை வெட்டலாம். கால்சட்டை வெட்ட முடியாது. வெட்டிப் பார்த்தது உண்டு, ஒரு கால் வளர்ந்த பிள்ளைக்கும் இன்னொரு கால் அவன் தம்பிக்கும் ஆகிற மாதிரி வந்தது. பள்ளி மேலாளர் வேறு, "உங்களால முடியலைன்னா சொல்லிடுங்க, ரெடிமேட் கடைக்காரர் கேட்டுட்டிருக்கார்," என்று சிரித்தபடியே சொல்லிவிட்டுப் போனார். சிரித்துக்கொண்டே சொல்கிறவர்கள்தான் செய்துவிடுவார்கள். இந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் மேஜை கைக்கு வராவிட்டால் ஆர்டர் போய்விடும் என்பதில் அவளுக்குச் சந்தேகமில்லை.

அதைக் கணவரிடம் சொன்னாள். அவர் தகட்டையும் பார்த்தார், அவளையும் பார்த்தார். போனை எடுத்துத் தலைவரிடம் கெஞ்சினார். தலைவர் ஞாயிறு காலை வர இசைந்தார். இசைந்ததோடு நிற்கவில்லை; முதல் பிரைமரைத் தானே அடித்துத் தொடங்கிவைப்பதாகவும் சொல்லிவிட்டார். அப்புறம் கேட்க வேண்டுமா? ஞாயிறு காலை கதவுகளும் பானட்டும் முற்றத்துக்கு வந்தன. கதவுகள் துணி காயப்போடும் குழாயில் தொங்கின. பானட் இரண்டு முக்காலிகளின் மேல் ஏறியது. ஸ்ப்ரே கன்னும் பிரைமர் டப்பாவும் வெள்ளை விரிப்பு போட்ட மேஜையில் அமர்ந்தன. விரிப்பு யாருடையது என்று டெய்லரம்மா பார்த்தாள். அவளுடையதுதான்.

கணவர் வாங்கிவைத்திருந்த பிரைமர் இரண்டு டப்பாக்காரன். ஒன்றில் பிரைமர், ஒன்றில் ஹார்ட்னர். கலக்கும்வரை சாது. கலந்துவிட்டால் கொஞ்ச நேரத்தில் இறுகத் தொடங்கும். அப்புறம் யார் வந்து சொன்னாலும் இளகாது. அதனால் தலைவர் தெருவுக்குள் வந்த பிறகுதான் கலப்பது என்று முடிவு செய்திருந்தார். போன் அடித்தது.

"தெருமுனைக்கு வந்துட்டேன்," என்றார் தலைவர்.

கணவர் அந்த நிமிஷமே ஹார்ட்னரை ஊற்றிக் கலக்கிவிட்டார். தெருமுனைக்கு வந்துவிட்டேன் என்பவன் அப்போதுதான் செருப்பைத் தேடுவான் என்பது உலகத்துக்கே தெரியும். ஆனால் தலைவர் விஷயத்தில் உலகம் தோற்றது. அவர் உண்மையிலேயே தெருமுனையில்தான் இருந்தார். அவருடைய பழைய கார் அங்கே வந்து மூச்சை விட்டுவிட்டது. பேரவைத் தலைவர் நடந்து வந்தார் என்ற பேச்சுக்கு இடம் கொடுக்கக் கூடாது என்று காரிலிருந்து இறங்க மறுத்து உட்கார்ந்திருந்தார்.

"நீ இதைக் கிண்டிக்கிட்டே இரும்மா. அடியில தங்கிடும்," என்று குச்சியை மனைவியிடம் கொடுத்துவிட்டு அவர் ஓடினார்.

டெய்லரம்மா கிண்டினாள். சமையலறையை விட்டு வெளியே வந்தும் கிண்டுகிற வேலை தன்னை விடவில்லையே என்று நினைத்துக்கொண்டாள். வெகுநேரம் கழித்து ஊர்வலம் தெருவில் தெரிந்தது. முன்னால், ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, இரண்டு பக்கமும் தலையசைத்துக்கொண்டு தலைவர். பின்னால் தள்ளிக்கொண்டு பேரவைச் செயலாளர், பொருளாளர், அவள் கணவர், வழியில் போன பால்காரர். வாசலில் கார் நின்றதும் தலைவர் பிரேக் போடுவதுபோல் காலை அழுத்தினார். அதற்கு அவசியமிருக்கவில்லை, தள்ளியவர்கள் ஏற்கனவே உட்கார்ந்துவிட்டார்கள்.

முற்றத்துக்கு வந்த தலைவர் வெள்ளைச் சட்டையின் கைகளை நீவிவிட்டுக்கொண்டு, பானட்டைச் சுற்றி ஒருமுறை வந்தார். செயலாளர் பையிலிருந்து காந்தத்தை எடுத்தார்.

"இருக்கட்டும். முதல்ல ரெண்டு வார்த்தை பேசிடறேன்," என்றார் தலைவர்.

ரெண்டு வார்த்தை என்று சொன்னவர்கள் யாரும் மூன்றாவதில் நின்றதில்லை. அவர் வலது உள்ளங்கையைப் பானட்டின் நட்டநடுவில் ஊன்றிக்கொண்டார். செயலாளர் காந்தத்தைப் பையில் போட்டுவிட்டுப் போனை எடுத்துப் படம் பிடித்தார்.

"நண்பர்களே, துருவுக்குத் தூக்கம் கிடையாது. தேய்ச்ச கை காயறதுக்கு முன்னாடி பிரைமர் அடிச்சாகணும். நம்ம ஆளுங்க என்ன பண்றாங்க? நாளைக்கு அடிக்கலாம், நாளன்னிக்கு அடிக்கலாம். ஒரு வாகனத்துக்கு முதல் எதிரி மழை இல்லை, உப்புக்காத்து இல்லை. தாமதம்."

கணவர் பயபக்தியோடு தலையாட்டினார். டெய்லரம்மா குச்சியைத் தூக்கிப் பார்த்தாள். கலக்கியபோது மோர் மாதிரி சொட்டிய பிரைமர் இப்போது பாகு மாதிரி இழுத்து, ஒரு கம்பிப் பதத்தை எட்டிப்பார்த்துக்கொண்டிருந்தது. மேற்கே மேகம் கறுத்திருந்தது. நிமிர்ந்து கதவுகளைப் பார்த்தாள். கீழ் விளிம்பில் ஒரு மங்கல் ஏறத் தொடங்கியிருந்தது.

"ஏங்க," என்று மெல்லக் கூப்பிட்டாள். "இது இறுகுது."

"ஸ்ஸ். பேசிட்டிருக்கார் பாரு."

"தாமதத்தைப் பத்தி மூணு உதாரணம் சொல்றேன்," என்றார் தலைவர்.

முதல் உதாரணம் அவருடைய மாமனாரின் லாரியில் தொடங்கி, மாமனாரின் குணத்துக்குள் போய், திரும்பி வர வழி தெரியாமல் நின்றது. டெய்லரம்மாவுக்குக் கண் முன்னே வேறொரு காட்சி ஓடியது. பிரைமர் டப்பாவோடு கல்லாகிறது. புது டப்பா வாங்க வேண்டும். மழை வருகிறது. கதவுகள் திரும்ப முன்னறைக்குப் போகின்றன. போர்வை, விசிறி, உப்புத்தாள். பள்ளி மேலாளர் சிரித்துக்கொண்டே வருகிறார்.

அவள் எழுந்தாள். முகக்கவசத்தைக் கட்டினாள், கண்ணாடியை மாட்டினாள். ஒரு துண்டு மெல்லிய லைனிங் துணியைக் ஸ்ப்ரே கன்னின் கிண்ணத்து வாயில் விரித்து, பிரைமரைக் கட்டியில்லாமல் வடிகட்டி ஊற்றினாள். தின்னரில் நனைத்த துணியால் முதல் கதவை மேலிருந்து கீழாகத் துடைத்து, உலரவிட்டாள். பிறகு கன்னுக்குக் காற்று தரும் கம்ப்ரசரின் சுவிட்சைத் தட்டினாள். அது தடதடவென்று எழுந்து முற்றத்தையே ஆட்டியது.

தலைவர் குரலை உயர்த்தினார். "இரண்டாவது உதாரணம்!"

சாம்பல் நிறப் பிரைமர் புகையாகக் கிளம்பிக் கதவில் படிந்தது. கணவர் திடுக்கிட்டுத் திரும்பினார். பொருளாளர் அவரைப் பார்த்தார், செயலாளர் அவரைப் பார்த்தார். இப்போது இவர் பாய்ந்துபோய்க் கன்னைப் பிடுங்கப்போகிறார் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். அவரும் அந்த எண்ணத்தோடுதான் போனார். பக்கத்தில் போய் நின்றவர் கதவைப் பார்த்தார், அவள் கையைப் பார்த்தார்.

"ஒரு சாண் தள்ளிப் பிடி," என்றார். "கிட்டப் போனா வழிஞ்சிடும்."

அவள் தள்ளிப் பிடித்தாள்.

"நின்னு அழுத்தாதே. கையை ஓட்டிக்கிட்டே அழுத்து. கதவுக்கு வெளியில போய் விடு. ம். அடுத்த ஓட்டம் இதுல பாதி மேல ஏறி வரட்டும்."

"துணியில கரை மடிச்சு அடிக்கிற மாதிரியா?"

"கரை மாதிரியேதான். ஐயோ, அந்தக் கைப்பிடிக் குழியை விட்டுட்டே."

"வரேன். எல்லாம் வரிசையா வருது."

இப்படியே கணவனும் மனைவியும் இரண்டாவது கதவுக்கு, மூன்றாவதுக்கு என்று நகர்ந்தார்கள். அவர் முன்னால் துடைத்துக்கொண்டே போனார், அவள் பின்னால் அடித்துக்கொண்டே வந்தாள். இத்தனை வருஷத்தில் இருவரும் சேர்ந்து செய்த வேலைகளில் சண்டையில்லாமல் நடந்தது இதுவாகத்தான் இருக்கும். தலைவரை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கடைசியில் பானட்டுக்கு வந்தார்கள். தலைவரின் கை இன்னமும் அதன் நடுவில் இருந்தது.

"அண்ணா, கையை எடுங்க," என்றாள் டெய்லரம்மா.

தலைவர் இடது கையின் ஒற்றை விரலைத் தூக்கினார். "ஒரு நிமிஷம் தங்கச்சி. முடிக்கப்போறேன்."

அவள் கணவரைப் பார்த்தாள். கணவர் டப்பாவுக்குள் பார்த்தார். மிச்சமிருந்த பிரைமர் இன்னும் சற்றுநேரம்தான் தாங்கும்.

"அடி," என்றார்.

அவள் இந்தக் கோடியிலிருந்து தொடங்கி ஒரே சீராக அந்தக் கோடிவரை அடித்துக்கொண்டு போனாள். வழியில் கை வந்தது. கன் நிற்கவில்லை. நின்று அழுத்தாதே என்று கணவர் சொல்லியிருந்தாரே. மூன்றாவது உதாரணத்தின் உச்சியில் கண்ணை மூடிக்கொண்டிருந்த தலைவர், "ஆகவே தாமதம் வேண்டாம் என்று கூறி விடைபெறுகிறேன்," என்று முடித்துக் கையைத் தூக்கினார்.

முழங்கைவரை சாம்பல் நிறம். பானட்டின் நடுவில், சுற்றிலும் பிரைமர் சூழ, ஐந்து விரலோடு பளபளவென்று ஒரு வெற்றுத் தகட்டுக் கை. எல்லோரும் அந்தக் கையையே பார்த்தார்கள். பொருளாளர் மட்டும், பேச்சு முடிந்தால் தட்டிப் பழகியவர், கைதட்டிவிட்டார்.

"நான் இன்னும் பார்வையிடவே இல்லையே," என்றார் தலைவர்.

"பார்த்துக்கிட்டேதானே தலைவரே பேசினீங்க," என்றார் கணவர்.

டெய்லரம்மா தின்னர் துணியை நீட்டினாள். "இது பிடிச்சா விடாதுண்ணா. காயறதுக்குள்ள துடைச்சிடுங்க. தாமதம் பண்ணாதீங்க."

தலைவர் வந்த காரிலேயே திரும்பினார். இந்தமுறை தள்ளுவதற்குப் பால்காரர் இல்லை. அவர்கள் தெருமுனை திரும்புவதற்குள் கணவர் அந்தக் கைத்தடத்தைத் துடைத்து, லேசாக உப்புத்தாள் போட்டு, மிச்சப் பிரைமரை அடித்து மூடிவிட்டார். மழை ஒரு மரியாதைக்காகக் காத்திருந்துவிட்டுச் சாயங்காலம் வந்தது. அதற்குள் எல்லாம் ஷெட்டுக்குப் போய்விட்டன. ஷெட் வழக்கம்போல் ஒழுகியது. பிரைமர் அதைச் சட்டை செய்யவில்லை.

மறுநாள் முன்னறை விசிறிக்குக் கீழே மெஷின் வந்து உட்கார்ந்தது. வெட்டு மேஜையில் சீருடைத் துணி விரிந்தது. டெய்லரம்மா ஒரு வாய் குண்டூசியைக் கவ்விக்கொண்டு, கால்சட்டைகளுக்கு ஓரம் மடித்து ஒவ்வொன்றாகக் குத்திக்கொண்டிருந்தாள். இரண்டு காலும் ஒரே நீளத்தில் வந்தன. வாசல்படியில் கணவர் நின்றார், காதில் போனோடு.

"தலைவர்தான்," என்றார் தணிந்த குரலில். "நேத்து நடந்ததை மறந்துடறாராம். சான்றிதழும் தரேங்கறார். ஒரே ஒரு கதவை மட்டும் மறுபடி சுரண்டி, வெறும் தகடா வெச்சிருந்தா போதுமாம். இங்கே விசிறிக்கடியில. அடுத்த வாரம் கட்டாயம் வந்துடுவாராம். என்ன சொல்லட்டும்?"

அவள் வாயிலிருந்து ஒரு ஊசியை எடுத்துத் துணியில் குத்தினாள்.

அவர் அந்த ஊசியைப் பார்த்தார். பிறகு போனில், "தலைவரே, வீட்ல வாயில குண்டூசி இருக்கு. எடுத்ததும் கேட்டுச் சொல்றேன்," என்றார்.

அந்தப் பக்கம் தலைவர் ஏதோ சொன்னார். காத்திருப்பதாகச் சொல்லியிருக்க வேண்டும், கணவர் போனை வைக்கவில்லை. அறையில் விசிறி சுற்றியது. ஊசிகள் ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டு வந்தன. கடைசி ஊசியையும் துணியில் குத்திவிட்டு, டெய்லரம்மா டப்பாவைத் திறந்து, இன்னொரு வாய் ஊசியை அள்ளிக் கவ்விக்கொண்டாள்.

"இன்னும் எடுக்கலை தலைவரே," என்றார் கணவர். குரலில் வருத்தம் ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லை.